ஃபைவ் வையா, ஃபால்ட் ட்ரீயா?

கேள்வி: இரசாயன ஆலை ஒன்றில் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கிறேன். பழுதுபார்க்கப் பம்ப்பைக் கழற்றியபோது அமிலம் தெறித்து, ஒப்பந்தத் தொழிலாளி ஒருவருக்குக் கையில் காயம். ‘ஃபைவ் வை’ (‘ஏன்?’ என்று ஐந்து முறை அடுத்தடுத்துக் கேட்டுக் காரணம் தேடும் முறை) படிவம் போதும் என்கிறது நிர்வாகம். ஆலோசகரோ ‘ஃபால்ட் ட்ரீ’ (விபத்துக்கு வழிவிட்ட கோளாறுகளைக் கிளை கிளையாகக் காட்டும் வரைபடம்) வரையச் சொல்கிறார். எதைச் செய்வது?

பதில்: இரண்டையும் தொடுவதற்கு முன், நடந்ததை நேர வரிசையில் எழுதிவிடுங்கள். வேலைக்கான அனுமதிச் சீட்டு (பர்மிட்) எப்போது தரப்பட்டது, குழாய் லைனைக் காலி செய்தது யார், சரிபார்த்தது யார், இடையில் ஷிப்ட் மாறியதா? இது இல்லாமல் எந்த முறையைக் கையில் எடுத்தாலும் ஊகத்தில்தான் முடியும்.

ஃபைவ் வை டொயோட்டாவில் வளர்ந்த முறை. சீக்கிரம் முடியும். ஆனால் ஒரே சங்கிலியாகத்தான் போகும். கேட்பவருக்கு வசதியான இடத்தில் நின்றுவிடும். அந்த இடம் பெரும்பாலும் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’தான்!

ஃபால்ட் ட்ரீ 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மினிட்மேன் ஏவுகணைக்காக பெல் ஆய்வகத்தில் உருவானது. எந்தெந்தக் கோளாறுகள் சேர்ந்தால் விபத்து, எது தனியாகவே போதும் என்று பிரித்துக் காட்டும். கருவிக் கோளாறுகளுக்கு அருமையான முறை. நிர்வாக முடிவுகள் அதில் எளிதில் அடங்காது.

ஓர் உதாரணம்: 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டியில் பிபி நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வெடித்து 15 பேர் இறந்தார்கள். திரவத்தைப் பிரித்தெடுக்கும் கோபுரம் ஒன்று நிரம்பி வழிந்தது. மட்டம் காட்டும் கருவி தவறாகக் காட்டியது, உயர்மட்ட அலாரம் ஒன்று அடிக்கவில்லை. இதுவரை ஃபால்ட் ட்ரீ அழகாகச் சொல்லிவிடும். ஆனால் ஆபரேட்டர்கள் வாரக்கணக்கில் விடுப்பே இல்லாமல் 12 மணி நேர ஷிப்ட் பார்த்தது ஏன்? ஒப்பந்த ஊழியர்களின் தற்காலிக அலுவலக டிரெய்லர்களை அவ்வளவு அருகில் நிறுத்த விட்டது யார்? இறந்த அத்தனை பேரும் அந்த டிரெய்லர்களிலும் அவற்றின் பக்கத்திலும் இருந்தவர்கள். விசாரித்த அமெரிக்க இரசாயனப் பாதுகாப்பு வாரியம் செலவுக் குறைப்பு வரைக்கும் போனது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர் நான்சி லெவ்சன் உருவாக்கிய ‘ஸ்டாம்ப்’ போன்ற முறைகள் இந்த மேல்மட்டக் கேள்விகளுக்கானவை. முறையாகச் செய்தால் நாள் பிடிக்கும்.

உங்கள் விபத்துக்கு முழு ஃபால்ட் ட்ரீ தேவையில்லை. ஒற்றைச் சங்கிலியும் போதாது. இரண்டு கிளை போடுங்கள்: லைனில் அமிலம் எப்படி மிஞ்சியது? அது அவர் கைமேல் பட்டது எப்படி? முதல் கிளை வால்வு, வடிகால் குழாய், பர்மிட் என்று போகும். இரண்டாவது கையுறை, பயிற்சி, ஒப்பந்ததாரரை யார் மேற்பார்த்தார்கள் என்று போகும். ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில் ஆதாரம் என்ன என்று எழுதுங்கள். ஆதாரம் இல்லையென்றால் அந்த வரியை அடித்துவிடாமல் கேள்விக்குறி போட்டு வையுங்கள்.

படிவத்தில் ஐந்து கட்டம்தான் இருக்கிறதென்றால், இதைத் தனித்தாளில் வரைந்து படிவத்தோடு பின் அடித்துக் கொடுங்கள்.