டீசல் புல்லட்டுக்கு எந்தக் கிளட்ச்? காரைக்குடி மெக்கானிக் பதில் சொல்கிறார்

புதுவயலிலிருந்து ஒருவர்: எங்க அப்பச்சி வாங்குன டாரஸ் டீசல் புல்லட், இன்னும் ஓடுது அண்ணே. ரைஸ் மில்லுக்கு ரெண்டு மூட்டை ஏத்திட்டுப் போனா நாலாவது கியர்ல இன்ஜின் மட்டும் கத்துது, வண்டி நகரல. கிளட்சுக்குக் கெட்டி ஸ்பிரிங் போட்டுரலாமா?

போடாதீங்க தம்பி. முதல்ல ஒரு கணக்கு. டாரஸ்ல இருக்கிறது 325 சி.சி. டீசல் இன்ஜின், 6.5 எச்.பி. அதே மாதிரி கிளட்ச்தான் பெட்ரோல் புல்லட் 350-ல 18 எச்.பி.யைத் தாங்குது. அப்ப உங்க கிளட்ச் சின்னதுன்னு சொல்ல முடியாது. அது தேஞ்சிருக்கு, இல்ல அட்ஜஸ்ட்மென்ட் கெட்டிருக்கு.

லீவர்ல ரெண்டு மூணு மில்லி மீட்டர் ஆட்டம் இருக்கான்னு பாருங்க. ஆட்டமே இல்லேன்னா புஷ் ராட் எப்பவும் பிரஷர் பிளேட்டை, அதாவது கிளட்ச் பிளேட்டுகளை அழுத்திப் பிடிக்கிற மூடியைத் தள்ளிக்கிட்டே இருக்கும், புது பிளேட் போட்டாலும் கிளட்ச் வழுக்கும். அது சரியா இருந்தா இடது பக்கக் கவரைக் கழட்டி, லீவரை மெதுவா அழுத்தச் சொல்லிட்டு உக்காந்து பாருங்க. பிரஷர் பிளேட் சுத்தி ஒரே மட்டமாத் தூக்கணும். ஒரு பக்கம் முன்னாடி தூக்குனா, அந்தப் பக்கத்து ஸ்பிரிங்கை அரைச் சுத்து முடுக்குங்க. இதை மட்டும் செஞ்சே சரியான வண்டிகள் என் பட்டறையில நிறைய.

கெட்டி ஸ்பிரிங் வேணாங்கிறதுக்குக் காரணம் நானே பட்டது. தொழிலுக்கு வந்த புதுசுல ஒரு டீசல் வண்டிக்கு இருக்கிறதுலயே கெட்டியான ஸ்பிரிங்கைப் போட்டுக் கொடுத்தேன். வழுக்கல் நின்னுச்சு. கொஞ்ச நாள்ல முதல் கியர் பல்லு உடைஞ்சு வந்து நின்னுச்சு. ஒத்தை சிலிண்டர் டீசல் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவைதான் வெடிக்கும். சராசரி இழுவை கம்மியா இருந்தாலும், ஒவ்வொரு வெடியும் சம்மட்டி அடி. அந்த அடியில கிளட்ச் ஒரு மயிரிழை வழுக்கிக் கொடுக்கணும். அது கொடுக்கலேன்னா பழைய கியர்பாக்ஸ்தான் வாங்கிக்கும். பிளேட் விலை என்ன, கியர் செட் விலை என்ன?

கானாடுகாத்தானிலிருந்து: என்னுது மூணு சக்கர வண்டி டீசல் இன்ஜின் ஏத்துன புல்லட். டாரஸைவிடப் பெரிய இன்ஜின். எனக்குமா கிளட்ச் மாத்த வேணாம்?

உங்களுக்கு மாத்தலாம். ஆனா ஸ்பிரிங்கை விட்டுட்டுப் பிளேட்டைக் கூட்டுங்க. ஸ்பிரிங் அழுத்தம் அதேதான், உரசுற முகம் கூடுது. நாலு பிளேட் அஞ்சாச்சுன்னா பிடி ஏறத்தாழ கால் பங்கு ஏறும், லீவரும் கனக்காது.

ஒண்ணு மட்டும். டிரம், உள் ஹப், பிளேட், ஸ்டட் எல்லாம் ஒரே செட்டா வாங்குங்க. பழைய டிரம்முக்குள்ள கூட ஒரு பிளேட்டைத் திணிச்சா பிரஷர் பிளேட் தூக்க இடம் இருக்காது, நியூட்ரல் விழாது. மாட்டுனதும் கவருக்கு உள்பக்கம் நாலு இடத்துல பிசைஞ்ச களிமண் உருண்டை ஒட்டி, கவரை முடுக்கி, லீவரை அழுத்திட்டு மறுபடி கழட்டுங்க. களிமண் ரெண்டு மில்லி மீட்டருக்கு மேல கனமா நின்னா கவர் தட்டாது. காகிதமா நசுங்கியிருந்தா, ஓட்டாதீங்க. புது பிளேட்டை மாட்டுறதுக்கு முந்தின ராத்திரி எண்ணெய்ல ஊற வச்சிருங்க. பின் சக்கர ஹப்புல இருக்கிற ரப்பரையும் அப்பவே மாத்திருங்க. வெடி அதிர்ச்சியை மெத்தை மாதிரி வாங்கிக்கிறது அது, யாரும் திரும்பிப் பாக்கிறதில்லை.

பள்ளத்தூரிலிருந்து: எண்ணெய் மாத்துன மறுநாள்லேருந்து வழுக்குது.

கார் எண்ணெய் ஊத்தியிருப்பீங்க. உரசலைக் குறைக்கிற மருந்து கலந்தது கிளட்ச் பக்கம் ஆகாது. வடிச்சிட்டு, பிளேட்டைத் துடைச்சு, பைக் எண்ணெய் ஊத்துங்க.

குன்றக்குடியிலிருந்து: தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடியோட பழனிக்கு நடக்கிறவங்களுக்குத் தண்ணி கேன் வச்சுக்கிட்டுக் கூடவே ஓட்டுவேன். நத்தம் தாண்டுறதுக்குள்ள கருகுன வாடை வந்துருது.

நீங்க செய்யிறது பெரிய காரியம்யா. ஆனா நடக்கிறவர் வேகம் மணிக்கு நாலஞ்சு கிலோ மீட்டர். முதல் கியர்ல ஐடிலிங்லயே வண்டி அதை முந்திரும். அப்ப நாள் முழுக்க அரைக் கிளட்ச்லதான் ஓட்டுறீங்க. உள்ள இருக்கிற எண்ணெய் அரை லிட்டருக்கும் குறைவு, அவ்வளவு சூட்டை எங்க கொண்டுபோய்க் கொட்டும்? எத்தனை பிளேட் போட்டாலும் இதுக்குத் தாங்காது. ஒரு கிலோ மீட்டர் முன்னாடி போய் நிழல்ல நிறுத்தி, வர்றவங்களுக்குத் தண்ணி கொடுத்துட்டு அடுத்த கிலோ மீட்டர் போங்க.

திரும்பி வந்ததும் கழட்டுங்க. இரும்பு பிளேட் நீலம் பாஞ்சிருந்தா வெந்திருக்குன்னு அர்த்தம். கண்ணாடி மேல வச்சு ஓரத்தைத் தட்டுங்க, ஆடுச்சுன்னா வளைஞ்சிருக்கு, மாத்துங்க. பழைய பிளேட் தூசியைக் காத்தடிச்சு ஊதாதீங்க. பழசுல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், நுரையீரலுக்கு ஆகாது. ஈரத் துணியால துடைங்க.

தேவகோட்டையிலிருந்து: வேகம் போதல. ஸ்பிராக்கெட் (செயின் ஓடுற பல் சக்கரம்) மாத்துனா கிளட்ச் கெடுமா?

மாத்துறதா இருந்தா இன்ஜின் பக்க ஸ்பிராக்கெட்டை ஒண்ணு ரெண்டு பல்லு கூட்டுங்க. அப்ப கிளட்ச் வேகமா சுத்தும், அது மேல விழுற முறுக்கு குறையும். கியர்பாக்ஸ் பக்கம் மாத்துனா அந்த லாபம் இல்லை. எதை மாத்துனாலும் முதல் கியர் நீளமாயிரும், கிளம்பும்போது கிளட்ச் கூட நேரம் உரசும். சுமை ஏத்துற வண்டிக்கு நான் செய்ய மாட்டேன்.

காரைக்குடியிலிருந்து ஒரு அம்மா: எங்க வீட்டுக்காரர் பெட்ரோல் புல்லட்டை டீசலா மாத்தி வச்சிருக்காங்க. கிளட்சுக்குச் செலவு பண்ணலாமாங்கிறாங்க. பண்ணலாமா?

ஆச்சி, முதல்ல ஆர்.சி. புக்கை எடுத்து எரிபொருள்னு போட்ட இடத்தைப் பாருங்க. டாரஸ் கம்பெனியிலேருந்தே டீசலா வந்தது, அதுல சிக்கல் இல்லை. புக்குல பெட்ரோல், வண்டியில டீசல்னா மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு குறுக்க வரும். கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாத்தக்கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் சொல்லியாச்சு. விபத்துன்னு வந்தா இன்சூரன்ஸ் காசு கிடைக்கிறதும் சிக்கலாயிரும். பழைய பெட்ரோல் இன்ஜின் வீட்டுல கிடந்தா அந்தக் கிளட்ச் காசை அதுக்குப் போடச் சொல்லுங்க. கொண்டுவந்தா நானே ஏத்திக் கொடுக்கிறேன்.