கேம்பர் சாண்ட்ஸ்: கிளம்புமுன் காலண்டரைப் பாருங்கள்

வணக்கம் ஐயா,

ஆகஸ்டில் பிள்ளைகளுக்கு லீவு. ஊரிலிருந்து மாமியாரும் வந்திருக்கிறார். ஒருநாள் இங்கிலாந்துத் தென்கரையிலுள்ள கேம்பர் சாண்ட்ஸ் கடற்கரைக்குப் போய்வரலாம் என்று இருக்கிறோம். பெரிய அலை கிடையாது, மணல் மெத்தென்று இருக்கும், கடல் வெகுதூரம் உள்வாங்கிவிடும், ஐந்து வயது, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் இல்லை என்கிறார்கள். மெரினாவில் கால் நனைத்துப் பழகியவர்கள் நாங்கள்; யாருக்கும் நீச்சல் தெரியாது. எந்த நாள், எத்தனை மணிக்குப் போனால் நல்லது? என்னென்ன எடுத்துப்போக வேண்டும்? மாமியார் சுத்த சைவம். அங்கே அவருக்குச் சாப்பிட என்ன கிடைக்கும்?

லண்டன் ஈஸ்ட் ஹாமிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கேள்விப்பட்டதில் மணல் மெத்தென்று இருக்கும் என்பது உண்மை. கடல் உள்வாங்கும் என்பதும் உண்மை. ஆனால் உள்வாங்குவதுதான் அந்தக் கரையின் ஆபத்து. அதனால் முதலில் அதைச் சொல்லிவிட்டுச் சாப்பாட்டுக்கு வருகிறேன்.

சென்னையில் கடல் ஏறுவதும் வற்றுவதும் ஒரு மீட்டர் அளவுக்குத்தான். காலையில் பார்த்த இடத்திலேயே மாலையிலும் கடல் நிற்கும். அங்கே ஆபத்து அலையில் இருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது, காதுக்குக் கேட்கிறது. கேம்பர் இருக்கும் ரை வளைகுடாவில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே ஆறு ஏழு மீட்டர் வித்தியாசம். இரண்டு மாடி உயரம். கரையோ தட்டையானது, ஆகவே வற்றும்போது கடல் ஏறக்குறைய அரை மைல் தள்ளிப் போய்விடும். போனது ஆறு மணி நேரத்தில் திரும்பி வரும்.

வருவதும் ஒரே வேகத்தில் அல்ல. மாலுமிகளிடம் ஒரு கணக்கு உண்டு: மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், முதல் மணி நேரத்தில் ஒரு பங்கு, அடுத்து இரண்டு, பிறகு மூன்று, மூன்று, இரண்டு, ஒன்று. ஆறு மீட்டர் ஏற்றம் என்றால் நடுவில் வரும் இரண்டு மணி நேரத்தில் மட்டும் மூன்று மீட்டர் ஏறிவிடுகிறது. அரை மைல் தட்டை மணலில் அதைக் கிடையாகப் போட்டுப் பாருங்கள்: மணிக்கு இருநூறு மீட்டர், நிமிடத்துக்கு மூன்று மீட்டருக்கும் மேல். முதல் மணி நேரம் ஒன்றும் நடக்காததுபோல் இருப்பதால்தான் ஜனங்கள் ஏமாந்துபோகிறார்கள்.

இன்னொன்று. அந்த மணல் தட்டையாகத் தெரிந்தாலும் முழுத் தட்டை இல்லை. கரைக்கு இணையாக மேடும் பள்ளமுமாக ஓடும். ஏறிவரும் தண்ணீர் முதலில் பள்ளங்களை நிரப்பும். மேட்டில் நிற்பவருக்கு எதிரே கணுக்கால் அளவு தண்ணீர். முதுகுக்குப் பின்னால், கரைக்கும் அவருக்கும் நடுவில், ஆள் உயரத்துக்கு ஏறிக்கொண்டிருக்கும். 2016 ஆகஸ்ட் 24 அன்று லண்டனிலிருந்து போன ஐந்து தமிழ் இளைஞர்கள் இதே கரையில் ஒரே நாளில் மூழ்கி இறந்தார்கள். அப்போது அங்கே உயிர்காப்பாளர்கள் பணியில் இல்லை. இப்போது கோடையில் ஆர்.என்.எல்.ஐ. என்ற கடல் மீட்புத் தொண்டு நிறுவனத்தின் உயிர்காப்பாளர்கள் நிற்கிறார்கள். சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவே மட்டும் தண்ணீரில் இறங்குங்கள். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடி பலகைச் சவாரிக்காரர்களுக்கு உரியது. முழுச் சிவப்புக் கொடி என்றால் காலைக்கூட நனைக்க வேண்டாம். மேற்குக் கோடியில் ரோதர் ஆறு கடலில் விழும் இடத்தில் நீரோட்டம் பலமானது. அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

சரி, எந்த நாள்? வீட்டில் தினசரிக் காலண்டர் இருந்தால் அதுவே பாதி வேலையைச் செய்துவிடும். இந்தக் கரையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் கடல் நண்பகல் வாக்கில் ஏறி நிற்கும். அடுத்தடுத்த நாட்களில் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளித் தள்ளிப் போகும். ஒரு வாரம் கழித்து அஷ்டமி வாக்கில் நண்பகலில் வற்றிக் கிடக்கும். நண்பகலில் வற்றினால் பிள்ளைகளுக்கு நல்லது என்று தோன்றும். என் கணக்கு வேறு. அன்று ஏற்ற இறக்கம் குறைவுதான். ஆனாலும் பிள்ளைகள் விளையாட்டு மும்முரத்தில் வெகுதூரம் போயிருக்கும் பிற்பகலில் கடல் திரும்பி வந்துகொண்டிருக்கும். அமாவாசை அன்றோ அதற்கு முந்தைய நாளோ போனால், பத்து மணிக்கு நீங்கள் சேரும்போது கடல் பக்கத்தில் இருக்கும், மாமியாருக்கும் நடை மிச்சம். நண்பகல் வரை ஏறும், அதன்பின் மாலைவரை பின்வாங்கும், அப்போது மேட்டில் மாட்டிக்கொள்ளும் பயம் இல்லை, பள்ளங்களில் தேங்கிய தண்ணீர் வெயிலில் சூடேறிப் பிள்ளைகளுக்குக் குளமாகும். நீங்கள் ஐந்து மணிக்குக் கிளம்பும்போதும் கடல் வற்றிக்கொண்டே இருக்கும்.

காலண்டரை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். அந்த நாளின் கடலேற்ற அட்டவணையில் நேரத்தைச் சரிபாருங்கள். சில அட்டவணைகள் கிரீன்விச் நேரத்தில் இருக்கும். கோடையில் அதோடு ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும். இதில் தவறினால் கணக்கு முழுவதும் தவறிவிடும்.

பின்வாங்கும் கடலிலும் ஒரு சங்கதி உண்டு: மிதப்பவற்றை வெளியே இழுத்துப்போகும். காற்றடைத்த வாத்து, முதலை எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். கம்பத்தில் ஆரஞ்சு நிறக் காற்றுப்பை (காற்றின் திசை காட்டும் துணிக்குழாய்) பறந்தால் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசுகிறது என்று பொருள். பந்து போனாலும் பின்னால் போகாதீர்கள்.

தண்ணீர் ஆகஸ்டில்கூட 17, 18 டிகிரிதான். நம் ஊர்க் கடல் பெரும்பாலும் 28 டிகிரியை ஒட்டியே இருக்கும். குபீரென்று இறங்கினால் மூச்சு வாங்கும், வாயில் தண்ணீர் போகும். கால், இடுப்பு, தோள் என்று மெல்ல நனையுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் பிள்ளைகளை வெளியே கூப்பிட்டுத் துவட்டுங்கள். உதடு நீலம் பாரிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். யாராவது தடுமாறி ஆழத்தில் விழுந்தால் கைகால் அடிக்காமல் தலையைப் பின்னால் சாய்த்து, காது நனைய மல்லாந்து மிதக்க வேண்டும். ஒன்றரை நிமிடத்துக்குள் மூச்சு சீராகும். கரையில் இருப்பவர் 999 அழைத்துக் ‘கோஸ்ட்கார்ட்’ என்று கேட்கட்டும். நீச்சல் தெரியாதவர் காப்பாற்ற இறங்கக் கூடாது. மிதக்கும் எதையாவது எறியுங்கள், மூடி இறுக்கிய காலி இரண்டு லிட்டர் பாட்டிலானாலும் சரி.

ரயில் என்றால் செயின்ட் பாங்க்ராஸிலிருந்து ஆஷ்ஃபோர்ட், அங்கே மாறி ரை, பிறகு 102 எண் பஸ். கார் என்றால் வெயில் அடிக்கும் சனி, ஞாயிறும் ஆகஸ்ட் கடைசித் திங்கள் விடுமுறையும் வேண்டாம். கேம்பருக்கு உள்ள சாலை குறுகலானது. பார்க்கிங் நிரம்பினால் ரை வரை வண்டிகள் நிற்கும்.

எடுத்துப்போக வேண்டியதில் முதலாவது, குடை அல்ல, காற்றுத் தடுப்புத் துணி. அங்கே தென்மேற்குக் காற்று ஓயாது. குடை பறந்து யார் தலையிலாவது விழும். கழிகளை ஒரு முழமாவது மணலில் இறக்குங்கள். கடற்பாசியும் குச்சியும் ஒதுங்கிய கோட்டுக்கு மேலே விரிப்பைப் போடுங்கள். கடைசி ஏற்றம் அதுவரை வந்திருக்கிறது. மாமியாருக்கு மடக்கு நாற்காலி, சால்வை, பிளாஸ்க்கில் காபி. பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு துண்டு. வாளியும் மண்வெட்டியும் எப்படியும் வாங்குவீர்கள். குழி தோண்டினால் பிள்ளையின் முழங்கால் ஆழம் போதும், மணல் பக்கவாட்டில் சரிந்து மூடும். கிளம்பும்போது உடம்பில் ஒட்டிய மணலைத் துடைத்தால் போகாது. முகப்பவுடரைத் தூவித் தட்டுங்கள், உதிர்ந்துவிடும்.

சாப்பாடு. சிப்ஸ் சைவம்தானே என்று வாங்கிவிடாதீர்கள். சில கடைகளில் மாட்டுக் கொழுப்பில் பொரிக்கிறார்கள். தாவர எண்ணெய்க் கடையிலும் மீன் பொரித்த சட்டியிலேயே சிப்ஸும் விழலாம். என்ன எண்ணெய், தனிச் சட்டியா என்று இரண்டையும் கேளுங்கள். புளிச்சோறு, தயிர்ச்சோறு கட்டினால் முதல் காற்றிலேயே மணற்சோறாகும். சப்பாத்தியில் உருளைக்கிழங்கைச் சுருட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியே ஃபாயிலில் மடித்துக்கொள்ளுங்கள். பிரித்த அளவுக்குச் சாப்பிடலாம். சாப்பிடும்போது முதுகைத் தடுப்புத் துணியில் சாய்த்து உட்காருங்கள். சாப்பாட்டைப் பறிக்கும் சீகல் பறவை பின்னாலிருந்துதான் வரும்.