லேபர் வார்டா, ஸ்கேன் அறையா?

கேள்வி: அரசு மருத்துவக் கல்லூரியில் ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறேன். என் நீட் பி.ஜி. ரேங்க்குக்கு ரேடியாலஜியும் (ஸ்கேன், எக்ஸ்ரே பார்த்து ரிப்போர்ட் சொல்லும் பிரிவு) கிடைக்கும், ஓ.ஜி.யும் (பிரசவம், மகளிர் மருத்துவம்) கிடைக்கும் என்கிறார்கள் சீனியர்கள். எனக்கு லேபர் வார்டுதான் பிடித்திருக்கிறது. வீட்டிலோ, "ராத்திரி டியூட்டி இல்லாத பிராஞ்ச் எடு, ரேடியாலஜிதான் பொம்பளப் பிள்ளைக்குச் சரி" என்று ஒரே பேச்சு. அப்பா ரிட்டயர்டு, வீட்டுக் கடன் பாக்கி இருக்கிறது. எதைப் பார்த்து முடிவெடுப்பது?
- பெயர் வேண்டாம், திருநெல்வேலி

பதில்: நான் மயக்க மருந்து டாக்டர். நள்ளிரவு சிசேரியன்களில் தாயின் தலைமாட்டில் நின்றபடி ஓ.ஜி. டாக்டர்களை இருபது வருடமாகப் பார்த்து வருகிறேன், அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் வீட்டில் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். ரேடியாலஜி படிக்கிற 3 வருடமும் இரவு டியூட்டி உண்டு. விபத்தில் தலையில் அடிபட்டு வருகிறவருக்கு சி.டி. எடுத்து அந்த நேரத்திலேயே ரிப்போர்ட் சொல்ல ஆள் வேண்டாமா? படித்து முடித்த பிறகு இரவுகள் குறையும், வீட்டிலிருந்தே ரிப்போர்ட் பார்க்கவும் வழி இருக்கிறது, அது உண்மை.

அடுத்து பணம். ரேடியாலஜியில் எம்.டி. முடித்த கையோடு நல்ல சம்பளம் வரும், ஆனால் சொந்தமாக சென்டர் வைக்க நினைத்தால் எம்.ஆர்.ஐ. மெஷினுக்கே கோடிக்கணக்கில் வேண்டும். ஓ.ஜி.யில் வருமானம் மெதுவாகத்தான் ஏறும், ஏனென்றால் அது கைராசியில் நிற்கிற தொழில். அக்காவுக்கு நல்லபடியாகப் பிரசவம் பார்த்தால்தான் தங்கை தேடி வருவாள், அதற்குச் சில வருடம் ஒரே ஊரில் இருக்க வேண்டும். அதனால் கடன் இன்னும் எத்தனை வருடம், மாதத் தவணை எவ்வளவு என்று அப்பாவிடம் கேட்டு எழுதிப் பாருங்கள். அரசு வேலைச் சம்பளத்தில் அந்தத் தவணை அடங்கும் என்றால், பணத்துக்காக மட்டும் பிடித்ததை விட வேண்டிய அவசியம் இல்லை.

இனி அந்தப் பிடித்தம். லேபர் வார்டில் எது பிடித்தது? குழந்தை அழும் அந்த நிமிடம் எல்லோருக்கும் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் பிரசவம் முடிந்தும் கர்ப்பப்பை சுருங்காமல் ரத்தம் போய்க்கொண்டே இருக்கும்போது, ஒரு கை உள்ளேயும் ஒரு கை வயிற்றின் மேலும் வைத்து அழுத்திப் பிடித்தபடி, குரல் உயராமல் "ஏத்த வேண்டிய ரத்தம் எங்கே வருது?" என்று கேட்கிற டாக்டரைப் பார்த்திருக்கிறேன். வெளியே அந்தப் பெண்ணின் அம்மா நிற்பார், அவரிடம் போய்ப் பேச வேண்டியதும் அதே டாக்டர்தான். சீமாங் மையத்தில் (சிக்கலான பிரசவங்களையும் பச்சிளங்குழந்தைகளையும் அவசரமாகக் கவனிக்கும் அரசு மையம்) வேலை கிடைத்தால் இதெல்லாம் அபூர்வமான இரவு இல்லை. இதைக் கண்ட பிறகும் அந்த இடத்தில் நிற்கத் தோன்றுகிறதா என்று பாருங்கள்.

மிச்சமிருக்கும் ஹவுஸ் சர்ஜன் நாட்களில் ஒரு முழு நாள் ஸ்கேன் அறையிலும் உட்காருங்கள். காலையில் பார்க்கும் முதல் வயிற்று ஸ்கேனை விட, மதியம் பசி நேரத்தில் வருகிற நாற்பதாவது ஸ்கேன்தான் உங்களுக்குப் பதில் சொல்லும், அப்போதும் அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில் எதையோ தேட ஆசை இருந்தால் ரேடியாலஜியையும் லேசாக ஒதுக்காதீர்கள். அப்புறம், நாற்பது வயதைத் தாண்டிய ஓ.ஜி. மேடம் ஒருவரிடம் பிள்ளைகளை யார் வளர்த்தார்கள் என்று கேளுங்கள். ஒளிக்காமல் சொல்வார்கள்.

என் அபிப்பிராயம் கேட்டால், இத்தனையும் பார்த்த பிறகும் மனசு மாறவில்லை என்றால் ஓ.ஜி. எடுங்கள். ஆயுசு முழுக்க ராத்திரிப் பிரசவம் என்றும் இல்லை. குழந்தையின்மை சிகிச்சை, கருவிலுள்ள குழந்தைக்கான ஸ்கேன், லேப்ராஸ்கோப்பி என்று பின்னால் திரும்ப வழிகள் இருக்கின்றன. கல்யாணப் பேச்சு வந்தால் இரவு டியூட்டியை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டில் பேச வேண்டியதையும் கவுன்சலிங்கில் சாய்ஸ் லாக் செய்கிற ராத்திரி வரை தள்ளிப்போடாமல், இந்த ஞாயிற்றுக்கிழமையே கடன் கணக்கு எழுதிய தாளோடு அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள்.