டிரெட்மில்லில் ஓடினால் தோள் சூடாகுமா?

எந்த நாளானாலும் டிரெட்மில்லில் 15 நிமிடம் ஓடிவிட்டுத்தான் எடையைத் தொடுகிறேன். அப்படியும் ஸ்குவாட்டில் (கம்பியைத் தோளில் சுமந்து உட்கார்ந்து எழுவது) 80 கிலோ முதல் செட்டே, அதாவது முதல் சுற்றே, மலையாகத் தெரிகிறது. பெஞ்ச் பிரஸ் (படுத்துக்கொண்டு கம்பியை மேலே தள்ளுவது) நாளில் தோள் இறுக்கமாக இருக்கிறது. ஏன்?
- வாசகர், ஈரோடு

ஓட்டம் உடம்பைச் சூடாக்கும், அவ்வளவுதான். தூக்கப்போகும் அசைவுக்கு உடம்பைப் பழக்காது. ஸ்குவாட் நாளில் 15 நிமிட ஓட்டம் கால் பலத்தையும் கொஞ்சம் தின்றுவிடும். 5 நிமிட வேகநடை போதும். பிறகு நேரே கம்பிக்கு வாருங்கள். வெறும் கம்பியே 20 கிலோ. அதில் 10 முறை. அடுத்து 40 கிலோவில் 5, 60-ல் 3, 70-ல் ஒன்றோ இரண்டோ. எடை ஏற ஏற எண்ணிக்கை இறங்க வேண்டும். பலர் எல்லாப் படியிலும் பத்துப் பத்தாக அடித்து, உண்மையான செட்டுக்கு முன்பே களைத்துப்போகிறார்கள். ஆரம்பப் படிகளில் கம்பியில் எடைத் தட்டு மாற்றும் நேரமே ஓய்வு. 70-க்குப் பிறகு 2, 3 நிமிடம் உட்காருங்கள். தொடையை நிமிடக்கணக்கில் இழுத்துப் பிடிக்கும் ஸ்ட்ரெச்சிங் முன்னால் வேண்டாம். பலம் சற்றுநேரம் குறையும்.

பெஞ்ச் நாளில் தோளைத்தான் எழுப்ப வேண்டும். ரப்பர் பட்டையை மார்புக்கு நேரே பிடித்து அகல இழுப்பது 15 முறை, மேசையில் கை ஊன்றித் தண்டால் 10, பிறகு வெறும் கம்பி. கம்பி இறங்கும்போது முழங்கை தோளுக்கு நேராக விரிந்தால் எந்த வார்ம்-அப்பும் காப்பாற்றாது; சற்று உள்ளே கொண்டுவாருங்கள். இறுக்கம் வலியானால் அன்றைக்கு பெஞ்ச்சை விட்டுவிடுங்கள்.

டெட்லிஃப்ட் (தரையிலிருந்து கம்பியைத் தூக்கி நிமிர்வது) வார்ம்-அப்பில்தான் முதுகு பிடிக்கிறது, பெரிய எடையில் இல்லை. வேடிக்கையாக இல்லையா?
- வாசகி, திருச்சி

சிறிய தட்டுகள் மாட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். 20 கிலோ பெரிய தட்டின் விட்டம் 45 செ.மீ.; கம்பி தரையிலிருந்து 22.5 செ.மீ. உயரத்தில் நிற்கும். 5 கிலோ இரும்புத் தட்டு மாட்டினால் கம்பி கணுக்கால் பக்கம் கிடக்கும். அதை எட்ட முதுகை வளைக்கிறீர்கள். இரு பக்கமும் தரையில் வேறு தட்டுகளை அடுக்கி, அவற்றின் மேல் வைத்து, கம்பியைப் பெரிய தட்டில் நிற்கும் அதே உயரத்துக்கு ஏற்றுங்கள்.

வீட்டில் தண்டாலும் பஸ்கியும் மட்டும்தான். அதற்கும் வார்ம்-அப் வேண்டுமா?
- வாசகர், நாகர்கோவில்

பஸ்கிக்கு முதல் பத்தை நிதானமாக, பாதி ஆழத்தில் எடுத்தாலே ஆயிற்று. தண்டாலில் முதலில் முரண்டு பிடிப்பது மணிக்கட்டு. மண்டியிட்டு, உள்ளங்கையைத் தரையில் பதித்து, உடம்பை முன்னும் பின்னும் 10 முறை சாய்த்துவிட்டுத் தொடங்குங்கள்.