சத்தியத்தை மீறலாம் தம்பி

சென்னை சென்ட்ரல் பக்கம் பிளாட்பாரத்தில் படுக்கும் நண்பன், "செத்துடலாம்னு இருக்குடா, யார்கிட்டயும் சொல்லாதே"ன்னு சத்தியம் வாங்கிட்டான், என்ன செய்யன்னு கேட்டிருக்கீங்க. அந்தச் சத்தியத்தை மீறுங்க. கோவிச்சுக்குவான், பரவாயில்லை.

இருபது வயசில் நானும் எட்டு மாசம் தெருவில் படுத்திருக்கேன். வீடு இல்லாதவனுக்கு இருக்கிறதே ஒண்ணு ரெண்டு சிநேகிதம். பாரமா ஆயிட்டா அதுவும் போயிடுமோன்னு வாயே திறக்க மாட்டான். உங்ககிட்ட திறந்திருக்கான். முதல்ல ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "சாகணும்ங்கிற எண்ணம் இப்பவும் இருக்கா? எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கியா?"ன்னு நேராக் கேளுங்க. கேட்டா எண்ணம் வளரும்னு சொல்றது தப்பு. புத்திமதி மட்டும் வேண்டாம். எனக்கு அப்போ ஒருத்தர் வாழ்க்கைன்னா என்னன்னு அரைமணி நேரம் பேசினார். பசிதான் ஞாபகம் இருக்கு.

திட்டம் இருக்குன்னா, வச்சிருக்கிற பையையே யாருக்காவது கொடுத்துட்டான்னா, தனியா விடாதீங்க. எதிரேயே ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனை, அவசரப் பிரிவுக்குக் கூடவே போங்க. இல்லேன்னா 108. பேச மட்டும்னா அரசாங்கத்தோட மனநல உதவி எண் டெலி மனஸ் 14416, இலவசம், ராத்திரியும் எடுப்பாங்க. அவன்கிட்ட போன் இல்லேன்னா உங்க போனை ஸ்பீக்கர்ல போடுங்க.

போலீஸ் பிடிக்கும்னு பயப்படுவான். 2017 மனநலச் சட்டம், 115-ஆம் பிரிவுப்படி தற்கொலை முயற்சி செஞ்சவங்களையே கடும் மன அழுத்தத்தில் இருந்தவங்களாத்தான் பார்க்கணும், தண்டிக்கக் கூடாது. சும்மா சொன்னதுக்கு ஒண்ணும் கிடையாது.

இன்னைக்கு ராத்திரி எங்கே படுக்கிறான்னு கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க. உங்களாலயும் தனியாத் தாங்க முடியாது, இன்னொரு நண்பனையும் கூப்பிட்டுக்கோங்க.