கடலடியில் கிடைத்த ஜாடியைக் காயவிடாதீர்கள்

கேள்வி: அய்யா, எங்களுக்குக் காங்கேயம் பக்கம் ஒரு கிராமம். என் மகன் ட்ரெட்ஜர் கப்பலில் வேலை செய்கிறான். தமிழகக் கடற்கரையில் ஒரு துறைமுகத்துக்காகக் கடலை ஆழப்படுத்தியபோது, மணலை உறிஞ்சும் குழாயின் வாயில் இருக்கும் கம்பிச் சட்டத்தில் மூன்று பொருள்கள் சிக்கியிருந்தனவாம். லீவில் வந்தவன் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். ஒன்று, சிப்பி ஒட்டிய பாதி மண் ஜாடி. இன்னொன்று, ஆணித் துளை உள்ள மரத்துண்டு. மூன்றாவது, துருப்பிடித்த கல் மாதிரி கனமான ஒரு கட்டி. இப்போது ஜாடியில் வெள்ளையாக ஏதோ பூக்கிறது. மரம் ஓரத்தில் வெடிக்கிறது. புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும் என்கிறார்கள் பக்கத்து வீட்டில். விலைக்குக் கேட்டும் ஒருவர் வந்தார். ஷோகேஸில் வைக்கலாமா? போலீஸ், கேஸ் என்று ஏதாவது வருமா? இது நொய்யல் கரைக் கொடுமணலின் சங்ககாலத்து ஜாடியாக இருக்குமா?

பதில்: அம்மா, முதலில் அந்தக் கட்டியைப் பார்த்துவிடுவோம். கடலடியைத் தோண்டும்போது பழைய வெடிகுண்டுகளும் பீரங்கிக் குண்டுகளும் மேலே வருவது உலகெங்கும் நடப்பதுதான். நம் கடலோரமும் போர் பார்த்த இடம். 1914 செப்டம்பர் 22 இரவில் எம்டன் கப்பல் சென்னையைச் சுட்டது. உங்களிடம் இருக்கும் கட்டி உருளையாகவோ, ஒரு முனை கூம்பியோ, வால் போன்ற தகடுகளோடோ இருந்தால் அதைத் தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள். வீட்டில் உள்ளவர்களை வெளியே அனுப்பிவிட்டு 112-க்குப் போன் செய்யுங்கள். அப்படி எந்த வடிவமும் இல்லை என்றாலும் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டாம், சூடும் காட்ட வேண்டாம். கடலில் கிடக்கும் இரும்பைச் சுற்றி மணலும் சுண்ணாம்பும் சிப்பியும் இறுகி ஓடாகிவிடும். பல சமயம் உள்ளே இருந்த இரும்பு முழுக்கக் கரைந்து, அதன் வடிவம் மட்டும் அச்சாக மிஞ்சியிருக்கும். எக்ஸ்ரே எடுத்து, அந்த வெற்றிடத்தில் பிசின் ஊற்றினால் ஆணியோ கத்தியோ அப்படியே உருவாகி வரும். சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் அந்த அச்சு போய்விடும்.

அடுத்தது ஜாடியில் பூக்கும் வெள்ளை. அது உப்பு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. மண்பாண்டத்தின் நுண்துளைகளில் அது நிறைந்திருக்கும். நீருக்குள் இருக்கும்வரை தொல்லை இல்லை. காயத் தொடங்கியதும் உப்பு படிகமாகிப் பருத்து, ஜாடியை உள்ளிருந்து நெம்பும். வீட்டுச் சுவரில் உப்பு பூத்துக் காரை பொரிந்து உதிர்வதைப் பார்த்திருப்பீர்களே, அதே வேலைதான். காற்றில் ஈரம் ஏறி இறங்கும்போதெல்லாம் உப்பு கரைந்து மறுபடி படிகமாகும். ஷோகேஸில் வைத்தால் சில மாதங்களில் ஜாடியின் மேல்தோல் செதில் செதிலாக விழும்.

இப்போதே மேற்பரப்பு செதிலாக உதிர்கிறது என்றால் தண்ணீரில் போடாதீர்கள். நிழலில், மின்விசிறிக் காற்று படாத இடத்தில், மென்மையான துணிமேல் வைத்து நிபுணரிடம் சேருங்கள். உறுதியாக இருந்தால் ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றி அதில் மூழ்க வையுங்கள். நம் பக்கத்து போர்வெல் தண்ணீர் வேண்டாம், அதிலேயே உப்பு அதிகம். ஆர்.ஓ. மெஷின் வைத்திருப்பவர்களிடம், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் இருக்கும். தண்ணீர் ஊற்றியதும் ஒருமுறை அளந்து எழுதிக்கொள்ளுங்கள், ஒரு வாரம் கழித்து மறுபடி அளங்கள். எண் ஏறியிருந்தால் ஜாடியிலிருந்து உப்பு இறங்குகிறது என்று பொருள். தண்ணீரை மாற்றுங்கள். எண் ஏறுவது நிற்கும்வரை இப்படியே செய்ய வேண்டும். அதற்குப் பல மாதங்கள்கூட ஆகும், பரவாயில்லை. பக்கெட்டை இறுக்கி மூடி வையுங்கள். திறந்து கிடந்தால் பாசி பிடிக்கும், டெங்குக் கொசுவும் முட்டையிடும்.

புளி, எலுமிச்சை, ஆசிட் எதுவும் வேண்டவே வேண்டாம். புளிப்பு சிப்பியை மட்டும் கரைக்காது. ஜாடியின் மேல் சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் அதையும், மண்ணில் சுண்ணாம்பு கலந்திருந்தால் ஜாடியின் உடலையுமே அரிக்கும். உடைந்த ஜாடியாயிற்றே என்று பெவிகால் வைத்து ஒட்டாதீர்கள். சிப்பி இருந்த இடத்திலேயே இருக்கட்டும். ஜாடி கடலடியில் எந்தப் பக்கம் புதைந்து எந்தப் பக்கம் வெளியே தெரிந்தது என்பதை அது சொல்லும்.

மரம்தான் எனக்குப் பெரிய கவலை. நெடுங்காலம் நீரில் ஊறிய மரத்தின் செல்களில் வலுத் தரும் பொருள் கரைந்து, அந்த இடத்தைத் தண்ணீர்தான் நிரப்பித் தாங்கிக்கொண்டிருக்கும். தண்ணீர் போனால் செல் சுவர்கள் உள்ளே மடிந்துவிடும். மடிந்ததை மறுபடி நிமிர்த்த முடியாது. ஸ்வீடனில் 1961-ல் வாசா என்ற கப்பலைக் கடலிலிருந்து தூக்கியபோது, அது காய்ந்துவிடாமல் இருக்க பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகு போன்ற பொருளைக் கரைத்து 17 ஆண்டுகள் தெளித்தார்கள். உங்கள் துண்டில் இன்னும் ஈரம் இருந்தால் சுத்தமான வெள்ளைத் துணியை நனைத்துச் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். ஃப்ரீசரில் வேண்டாம். முழுக்கக் காய்ந்துவிட்டிருந்தால் மறுபடி நனைப்பதில் பயனில்லை, நிழலில் அப்படியே இருக்கட்டும்.

கட்டி குண்டு இல்லை என்று உறுதியானால் அதைத் தனிப் பக்கெட்டில் வையுங்கள். அதற்கு வெறும் தண்ணீர் போதாது, துரு ஓடிக்கொண்டே இருக்கும். திருப்பூர் சாயப்பட்டறைகளில் புழங்கும் சோடா ஆஷை லிட்டருக்கு 50 கிராம் வீதம் கரைத்து அதில் மூழ்க வையுங்கள். கைக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, பொருளைக் காப்பாற்றுவது ஒரு பாதி. இன்னொரு பாதி உங்கள் மகன் கையில் இருக்கிறது. என்னைக் கேட்டால் அதுதான் பெரிய பாதி. இது எங்கே கிடைத்தது? இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எந்தத் தேதி, எந்த ஷிப்ட், எத்தனையாவது லோடு, எந்தத் தடத்தில் கப்பல் போனது, எவ்வளவு ஆழம், அந்த லோடை எங்கே கொட்டினார்கள், கூட வேறென்ன வந்தது என்று எல்லாவற்றையும் எழுத வேண்டும். கப்பலில் ஜி.பி.எஸ். பதிவு இருக்கும், நாள் தெரிந்தால் தடத்தைப் பிடித்துவிடலாம். நினைவு மங்கிவிட்டால் அந்தப் பதிவில் எதைத் தேடுவது என்றே தெரியாமல் போகும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு இரண்டு உதாரணங்கள். 2007-08-ல் நெதர்லாந்தின் ஒரு துறைமுகத்தில் இறக்கப்பட்ட கடல் சரளைக்கல் குவியலில் யான் மியூல்மீஸ்டர் என்பவர் 28 கற்காலக் கைக்கோடரிகளைக் கண்டெடுத்தார். அவர் தொழில்முறை ஆய்வாளர் இல்லை, ஆர்வத்தால் தேடியவர். அந்தச் சரளை இங்கிலாந்துக் கடலோரம் கிரேட் யார்மத் அருகே, ஏரியா 240 என்ற பகுதியில் அள்ளப்பட்டது என்று கப்பல் பதிவுகளிலிருந்து தெரிந்தது. உடனே அந்த இடத்தில் அள்ளுவதை நிறுத்தி ஆய்வு செய்தார்கள். இன்று கடலாக இருக்கும் இடம் 2 லட்சம் ஆண்டுகளுக்கும் முன்னால் மனிதர்கள் நடமாடிய ஆற்றுவெளி என்பது அதனால் வெளிப்பட்டது. இங்கிலாந்தில் 2005 முதலே, கடல் மணல் அள்ளும் கப்பல்களிலும் கிடங்குகளிலும் வேலை செய்பவர்கள் இப்படிப்பட்ட பொருளைக் கண்டால் தெரிவிக்க ஒரு நடைமுறை இருக்கிறது. நமக்கும் அது வேண்டும், காலம் கடந்துகொண்டிருக்கிறது.

இன்னொன்று நம் நாட்டில் நடந்தது. 2001-ல் குஜராத்தின் காம்பத் வளைகுடாவில் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் கடலடியைச் சுரண்டி எடுத்த பொருள்களில் ஒரு மரத்துண்டின் வயது சுமார் 9,500 ஆண்டு என்று வந்தது. மூழ்கிய நகரம் என்று 2002 தொடக்கத்தில் அறிவித்தார்கள். ஆனால் பல ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. கடுமையான ஓதமும் நீரோட்டமும் உள்ள இடம் அது. மரம் எங்கிருந்தோ அடித்து வந்திருக்கலாம். அதன் வயது பக்கத்தில் கிடந்த பானை ஓட்டின் வயதாகாது. பொருள் எந்த அடுக்கில், எதனோடு சேர்ந்து இருந்தது என்று தெரியாததால் வாதம் இன்றுவரை தீரவில்லை.

நம் கரூரிலும் இதே இழப்புதான். அமராவதி மணலில் கிடைத்த ரோமானியக் காசுகளைப் பார்த்து எந்த அரசன் வெளியிட்டது என்று சொல்லிவிடலாம். எந்த மண்ணடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்று கேட்டால் பெரும்பாலானவற்றுக்குப் பதில் இல்லை. மணலோடு மணலாகக் கைமாறி வந்தவை அவை.

கொடுமணல் பற்றிக் கேட்டீர்கள். நொய்யல் கரையில் மணி செய்தவர்கள், உங்கள் ஊருக்கு அருகே படியூரில் கிடைத்த பச்சைக்கல், மேற்குக் கடலோரத் துறைமுகங்களோடு இருந்த வணிகம் எல்லாம் உண்மை. அதனால் அந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் போட்டோவையோ சிப்பியையோ பார்த்து வயது சொல்ல முடியாது. கடலில் சிப்பி ஏறச் சில மாதங்கள் போதும். பூம்புகார் அருகே மூழ்கிக் கிடந்த ஒரு கப்பலில் தேசியக் கடலியல் நிறுவனத்தார் எடுத்த ஈயப் பாளங்களில் 1791, 1792 என்ற ஆண்டுகள் பொறிக்கப்பட்டிருந்தன. அது சங்ககாலம் இல்லை, அதற்காக அதன் மதிப்பு குறைந்துவிடவில்லை. உங்கள் ஜாடி 150 ஆண்டுக்கு முந்தைய கப்பலில் ஊறுகாய் வைத்திருந்ததாகவும் இருக்கலாம்.

இனி சட்டம். அரசியல் சாசனத்தின் 297-ஆம் பிரிவின்படி, நம் கடல் எல்லைக்குள் கடலடியில் இருக்கும் மதிப்புள்ள பொருள்கள் மத்திய அரசுக்குச் சொந்தம். அதனால் அந்த மூன்றையும் உங்களுடையவை என்று நினைக்க வேண்டாம். 100 ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளை உரிமம் இல்லாமல் விற்று வாங்கும் தொழில் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், வெளிநாட்டுக்குக் கொண்டுபோவது அதைவிடக் கடுமையான குற்றம். விலை பேச வந்தவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். போட்டோ கூடக் கொடுக்காதீர்கள்.

கேஸ் வருமா என்றால், வராது என்று நான் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் யாரும் கேட்கும் முன்னே நீங்களாகப் போய்ச் சொல்வதைப் போன்ற பாதுகாப்பு வேறில்லை. உங்கள் மகன் தன் கேப்டனுக்கும் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவிக்கட்டும். பெரிய ஒப்பந்தங்கள் பலவற்றில், வேலையிடத்தில் பழம்பொருள் கிடைத்தால் உடனே அறிவிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். நீங்கள் திங்கட்கிழமை மனுநாளில் திருப்பூர் ஆட்சியரிடம் ஒரு மனு கொடுங்கள், அதன் நகலை மாநிலத் தொல்லியல் துறைக்கு அனுப்புங்கள். மனம் பதறினால் முதலில் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டுப் போங்கள். வேலை பறிபோகுமோ என்ற பயத்தில் திரும்பக் கடலில் எறிந்துவிடுவதுதான் யாருக்கும் உதவாத வழி.

ஈரோடு அல்லது கோவை அரசு அருங்காட்சியகத்துக்குப் போன் செய்து காப்பாட்சியரிடம் பேசிவிட்டு எடுத்துப் போங்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930 முதல் இயங்கும் வேதியியல் பாதுகாப்புக் கூடம் இருக்கிறது, அங்கே அனுப்ப முடியுமா என்றும் கேளுங்கள். போகும்போது மூன்றையும் தனித்தனி பிளாஸ்டிக் டப்பாவில், நனைந்த ஸ்பாஞ்சு வைத்து எடுத்துப் போங்கள். ஏற்கெனவே காய்ந்துவிட்டதை மட்டும் உலர்ந்த துணியில் வையுங்கள். செய்தித்தாளில் சுற்ற வேண்டாம், மை ஒட்டிக்கொள்ளும். மகன் எழுதிய நோட்டின் ஜெராக்ஸை டப்பாவோடு சேர்த்துக் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் போட்ட ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.