பழைய பாக்கெட் வாட்ச்: கேஸில் ஒரு நம்பர், மெஷினில் வேறு நம்பர். ஒரிஜினலா?

கேஸில் ஒரு சீரியல் நம்பர், உள்ளே மெஷினில் வேறொன்று, அதனால் யாரோ மாற்றிவிட்டார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். வாட்ச் வால்தம், எல்ஜின் மாதிரி அமெரிக்கக் கம்பெனியுடையது என்றால் கவலையை விடுங்கள். 19ஆம் நூற்றாண்டில் அந்தக் கம்பெனிகள் பெரும்பாலும் மெஷினைத் தனியாகத்தான் விற்றன. கேஸ் செய்தவர்கள் வேறு: கீஸ்டோன், டூபர் மாதிரி. 18 சைஸ், 16 சைஸ் என்று அளவு பொதுவாக இருந்ததால், கடைக்காரரே வாடிக்கையாளர் கையில் இருந்த காசுக்குத் தக்க கேஸில் மெஷினை மாட்டிக் கொடுத்தார். இரண்டு நம்பரும் ஒத்துப்போக வழியே இல்லை.

ஒத்துப்போக வேண்டியது கேஸின் பாகங்களுக்குள். பின்மூடி, அதற்கடியில் உள்மூடி இருந்தால் அது, இரண்டிலும் ஒரே நம்பர் இருக்கிறதா பாருங்கள். வேறாக இருந்தால் இரண்டு கேஸைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள்.

அடுத்தது நான் நம்பரைவிட அதிகம் நம்பும் சாட்சி, திருகுத் தடம். மெஷினைக் கேஸில் பிடித்து நிறுத்தும் திருகை (பொதுவாக இரண்டு இருக்கும்) முறுக்கும்போது அதன் தலை கேஸின் உள்விளிம்பை அழுத்தி, பிறை நிலா மாதிரி ஒரு வடு போடும். லென்ஸ் வைத்துப் பாருங்கள். வடு சரியாகத் திருகுக்கு அடியில் இருந்தால் நல்லது. திருகே இல்லாத இடத்தில் இன்னொரு ஜோடி வடு இருந்தால், அந்தக் கேஸில் முன்பு வேறொரு மெஷின் குடியிருந்திருக்கிறது.

நான் ஒருமுறை 'கை படாத வாட்ச்' என்று விற்றவர் சொன்னதை நம்பி வாங்கினேன். வீட்டுக்கு வந்து திறந்தால் மூன்று ஜோடி வடு! போதாக்குறைக்கு, முன்பக்கம் மூடி இல்லாத கேஸில் சாவி (முறுக்கும் குமிழ்) 3 மணிப் பக்கம் இருந்தது. அந்த வகைக் கேஸில் சாவி 12க்கு மேலே இருப்பதுதான் வழக்கம். 3 மணிப் பக்கம் சாவி வருவது, முன்மூடி போட்ட கேஸுக்காகச் செய்த மெஷினில். அப்படிப்பட்ட தங்கக் கேஸ்கள் எத்தனையோ உருக்கப்பட்டுவிட, அநாதையான மெஷின்கள் கிடைத்த கேஸில் ஏறின. புதிதாகவே அப்படி விற்றதும் கொஞ்சம் உண்டு, ஆனால் மூன்று ஜோடி வடுவுடன் அல்ல.

இங்கிலாந்து வெள்ளிக் கேஸ் என்றால் கணக்கு வேறு. அங்கே கேஸ் நம்பரும் மெஷின் நம்பரும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும், ஹால்மார்க்கின் ஆண்டு எழுத்தும் துணைக்கு வரும். அதில் நம்பர் மாறியிருந்தால் சந்தேகப்படலாம்.

உங்களுடையது எந்த நாட்டு வாட்ச் என்று சொல்லவில்லையே? பின்மூடியின் உட்புறத்தையும் திருகு இருக்கும் விளிம்பையும் படம் எடுத்துப் போடுங்கள், பார்க்கலாம்.